பார்த்த மாடு

வாயைத் திறக்கக் கூடாதாம். சொல்கிறவள் நான் பெற்ற மகள் கோகிலவாணி, இந்த ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். சொல்வது என்னிடம், இந்தப் பொங்கியண்ணனிடம், சந்தையில் இந்தக் கோடியில் நான் கனைத்தால் அந்தக் கோடியில் படுத்துக் கிடக்கிற கன்று எழுந்து நிற்கும் என்று பேர் வாங்கின மாட்டுத் தரகனிடம். காரணம் கேட்டால், உள்ளே ஒரு சுண்டெலி பயந்துவிடுமாம். “இது முடியற வரைக்கும் ஒரு சொல்லுப் பேசப்படாதுங்ப்பா. நடுவுல இருக்கறது வெறும் பலகைக் கதவு. சத்தம் கேட்டா அது அப்படியே உறைஞ்சு நின்னுரும், அப்புறம் என் பொழைப்புப் போச்சு.” சரி தாயே, உன் பொழைப்பில் நான் மண் போடுவானேன் என்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் ஒரு திரை. திரைக்குள் மேலேயிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி, நாலு பக்கம் சுவர், கூரை இல்லை. பெட்டிக்குள் மூலைக்கு ஒன்றாக ரெண்டு சாமான். இந்தப் பக்கம் வெள்ளைப் பீங்கான் குமிழ், மேசை இழுப்பறையில் இருக்குமே, அது. அந்தப் பக்கம் பச்சை மூடி போட்ட கண்ணாடிக் குப்பி. எலி தள்ளிவிடாமல் இருக்க ரெண்டையும் அடியில் பசை வைத்து ஒட்டியிருக்கிறாள். ஸ்பிரிட் வாசனை இங்கே வரைக்கும் அடிக்கிறது. ஒவ்வொரு எலிக்கும் முன்னால் பெட்டியைத் துடைத்துவிட வேண்டுமாம், முந்தின எலியின் வாசனை மிச்சமிருந்தால் கணக்குக் கெட்டுவிடுமாம். எனக்கு அந்த வாசனை ஆகாது. ஊசிக்கு முன்னால் வருகிற வாசனை அது. அதற்குப் பிறகு மாட்டுக்கும் சரி மனுஷனுக்கும் சரி நல்ல சேதி வந்து நான் பார்த்ததில்லை.

காலையில் முதல் ஆட்டத்தின்போதும் இதே முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது ரெண்டு மூலையிலும் ஒரே சாமான், இந்தக் குமிழ்தான், ஜோடி மாடு மாதிரி ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல முடியாது. எலி ரெண்டையும் மோந்து மோந்து பார்த்தது. பிறகு அதைக் கூண்டுக்குக் கொண்டுபோய்விட்டாள், நாங்கள் கேன்டீனில் டீ குடித்தோம், இப்போது ஒரு குமிழ் இருந்த இடத்தில் குப்பியை வைத்திருக்கிறாள். அவ்வளவுதான் பரீட்சை. நினைப்புச் சரியாக இருக்கிற எலி, இது பார்த்ததுதானே என்று பழசை விட்டுவிட்டுப் புதுசிடம் போய்ச் சுற்றிச் சுற்றி நிற்குமாம். நினைப்புக் கெட்ட எலிக்கு ரெண்டும் புதுசுதான், ரெண்டையும் ஒரே மாதிரி மோந்துகொண்டு கிடக்குமாம். கேன்டீனிலும் நான் விடவில்லை. எதையும் சொன்ன விலைக்கு நான் வாங்கினதில்லை. “ஏங் கண்ணு, அதுக்குப் பழசு பிடிச்சுப் போச்சுன்னா? புதுசக் கண்டாப் பயம்னா? உடனே மறதின்னு எழுதீருவீங்களாக்கும்?” என்றேன். அவள் வடையைப் பிய்த்துக்கொண்டே, “பயந்த எலி ரெண்டு பக்கமும் போகாது, மூலையில ஒண்டிக்கும், அதைத் தனியாக் குறிப்போம். நோயில்லாத எலிங்களையும் இதே பொட்டில இதே மாதிரி விட்டுத்தான் பாக்கறோம். ஒரு எலிய வெச்சு யாருங்ப்பா முடிவு பண்றா?” என்றாள். எந்த எலி நோய் எலி, எந்த எலி நல்ல எலி என்று அவளுக்கே தெரியாதாம், தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று வேறொரு பெண் கூண்டுக்கு வெறும் எண் மட்டும் போட்டுக் கொடுக்கிறாளாம். என் பேரத்தையெல்லாம் நான் பேசுவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்டுத்தான் கடை போட்டிருக்கிறார்கள். வடைதான் மிச்சம், அதையும் அவளே தின்றுவிட்டாள்.

இதோ, எலியை விட்டுவிட்டாள். கறுத்த எலி, வெள்ளைத் தரையில் மை சிந்தின மாதிரி இருக்கிறது. சுவர் ஓரமாகவே ஓடுகிறது. ஓடு ஓடு, புது இடத்துக்கு வந்த எந்த மாடும் முதலில் ஓரம்தான் தேடும், நானும் அப்படித்தான் தேடினேன், அஞ்சாம் வகுப்பு வாத்தியார் பிரம்பைக் கீழே போட்ட நேரம் பார்த்து ஓடினவன் நேராகச் சந்தையில் வந்து விழுந்தேன், ஓரமாக நின்றேன், சாணி அள்ளினேன், அடி வாங்கினேன், ஒருத்தன் குருட்டுக் காளையை என் தலையில் கட்டினான், அடுத்த வருஷம் அவன் தலையில் நான் சினைப் பிடிக்காத கிடாரியைக் கட்டினேன், அப்படி வந்த படிப்பு. இந்த எலிக்கு அந்த யோகமும் கிடையாது. இதற்குத் தானாக இந்த நோய் வராதாம். மனுஷனுக்கு வருகிற மறதிக்கு வித்து எதுவோ, அதை எடுத்து எலியின் பிறப்பிலேயே வைத்து வளர்க்கிறார்களாம். கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நம் கருமத்தை நாம் சுமக்காமல் ஒரு விரற்கடை ஜீவன் முதுகில் ஏற்றுவதா என்று சத்தம் போட்டேன், கேன்டீன்காரன் திரும்பிப் பார்த்தான். கோகி என் கையைப் பிடித்து, “உங்களுக்கு எலி மேல இரக்கமா, இல்ல வேற எதுனாச்சும் பேச வேண்டாம்னு பாக்கறீங்களா?” என்று கேட்டாள். வேறு எதுனாச்சும். அவள் அதைத்தான் அப்படிச் சொன்னாள். அந்தச் செவலை மாட்டை.

சந்தைக்கு வந்த அந்த மாட்டை நான் தொட்டேன். பார்க்காமல் விலை பேசியிருந்தால்கூட ஒரு சாக்கு உண்டு. பல்லைப் பிடித்துப் பார்த்தேன். மடியைத் தடவினேன், நாலு காம்பையும் இழுத்துப் பார்த்தேன், முதுகுத் தண்டில் கையை ஓட்டினேன், சுழி பார்த்தேன். மனுஷன் முகத்தை மறந்தாலும் நான் சுழியை மறந்தவனில்லை. நெற்றியில் எங்கே முடி சுழிக்கிறது, திமிலுக்குப் பின்னால் எங்கே சுழிக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால், நாலு வருஷம் கழித்து அந்த மாடு வேறொரு ஊர்க் கொட்டகையில் நின்றாலும் இது இன்னார் மாடு என்று சொல்லுவேன், பந்தயம் வைத்துச் சொல்லியிருக்கிறேன். கயிற்றை வைத்து அடையாளம் காண்கிற ஜாதி நானில்லை. மாட்டை விற்கிறவன் கயிற்றை விற்கமாட்டான், தன் கயிற்றை உருவிக்கொண்டு போவான், வாங்குகிறவன் தன் கயிற்றைப் போடுவான், அது எங்கள் வழக்கம், ஆகையால் கயிறு யாருக்கும் சாட்சி சொல்லாது, சுழிதான் சொல்லும். அந்தச் சுழி என் விரலுக்கடியில் இருந்தது. அதே செவலையை முந்தின மாசம் நானே தாராபுரத்துப் பக்கம் ஒருத்தருக்கு முடித்துக் கொடுத்திருந்தேன். அது உதைக்கிற மாடு என்று அப்போது எனக்குத் தெரியாது. வாங்கினவர் உதை தின்றுவிட்டு, சத்தமில்லாமல் மச்சினன் கையில் கொடுத்துச் சந்தைக்கே திருப்பி ஓட்டிவிட்டார். போன மாடு இவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்றால் அதில் கோளாறு இருக்கிறது என்று சந்தையில் டீ விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். அடையாளம் தெரிந்திருந்தால் அந்த மச்சினனை அங்கேயே நாலு பேருக்கு முன்னால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடத் தெரியவில்லை. எப்போதும் என்னிடமே மாடு வாங்குகிற வேலாத்தாளைக் கூப்பிட்டு, “அம்மிணி, இப்படி ஒரு சாதுவ நீ பாத்திருக்கமாட்ட, கண்ண மூடிக்கிட்டுக் கற” என்று சொன்னேன்.

எலி குமிழிடம் போகிறது. ஏண்டா. அது பார்த்ததுதானே. மீசையை ஆட்டி ஆட்டி மோக்கிறது, முன்னங்காலைத் தூக்கி அதன் மேல் வைக்கிறது, அந்தப் பக்கம் குப்பி சும்மா நிற்கிறது. திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு. வேலாத்தாள் சின்னப் பெண்ணில்லை, நாப்பதைத் தாண்டினவள், ஊட்டுக்காரன் மில்லுக்குப் போய்விடுவான், மாடு கன்று எல்லாம் அவள் பாடு. எங்கள் சந்தையில் துண்டுக்குள் கை கொடுத்த பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம், வாயால் சொல்லமாட்டோம், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது. முதல் தடவை அவள் வந்தபோது, பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம், ஊட்டுக்காரரை வரச் சொல்லு என்று செங்கோடன் சிரித்தான். செங்கோடன் என் தொழிலில் எனக்கு எதிரி, என் கொள்முதலில் எனக்குச் சிநேகிதன். அவள், “அவருக்குப் பல்லுப் பாக்கத் தெரியாதுங்க, எனக்குத் தெரியும்” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டினாள். நான் துண்டைப் போட்டேன். அவள் பிடித்த பிடியில் என் மோதிரம் சதையில் அழுந்தியது. அன்றையிலிருந்து அவள் வேறு தரகனிடம் போனதில்லை. அந்தக் கைதான். செவலை உதைத்த உதையில் மணிக்கட்டு முறிந்து, இப்போது மாவுக்கட்டுப் போட்டுக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்குகிற கை அந்தக் கைதான்.

விஷயம் சந்தைக்கு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும். தாராபுரத்து மச்சினன் எங்கேயோ குடித்துவிட்டு உளறியிருக்கிறான், பொங்கியண்ணன் எங்க தலையில கட்டின மாட்ட அந்தாளு கையாலயே வித்துட்டோம் என்று. அடுத்த வாரம் நான் போய் இறங்கியதும் நாலு பக்கமும் சிரிப்பு. யாரோ பார்த்துவிட்டான், எனக்கு அடையாளம் தெரியாமல் போனதைப் பார்த்துவிட்டான் என்று நினைத்தேன். செங்கோடன் வந்தான், தோளில் தட்டினான். “என்ன மாப்ள! திரும்பி வந்த உதைமாட்ட மூஞ்சிலயே காட்டிக்காம அந்தம்மா தலையிலயே கட்டிட்டியாமே? நானா இருந்தாக் கண்ணு காட்டிக் குடுத்திருக்கும். உனக்கு நெஞ்சு இரும்புய்யா” என்றான். ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லை. நான் மறந்திருப்பேன் என்று ஒரு நாய்க்குக்கூடத் தோன்றவில்லை. தெரிந்தே செய்தான் என்றுதான் அத்தனை பேரும் நினைக்கிறார்கள், அதற்கு எனக்கு மரியாதை வேறு. நான் என்ன செய்தேன்? மீசையைத் தடவினேன். சிரித்தேன். “பின்னே, தரகு பண்றதா கோயில்ல பூசை பண்றதா” என்றேன். ஏமாற்றுக்காரன் என்றால் இங்கே கூட ரெண்டு பேர் தேடி வருவார்கள், நமக்கு வேண்டியதை அவன் முடித்துக் கொடுப்பான் என்று. மறதிக்காரன் என்றால் துண்டை மடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். எவன் கை கொடுப்பான்? மாடு தெரியாதவனுக்குச் சந்தையில் என்ன வேலை, கடலை விற்கவா? நான் கணக்குப் போட்டுத்தான் சிரித்தேன். லாபமான பேரம்.

வேலாத்தாள் அந்தப் பேரத்துக்கு வரவில்லை. அவள் மாடு கட்டுகிற கட்டுத்தறிக்குப் போனேன், செலவு எவ்வளவானாலும் சொல்லு, மாட்டையும் நானே ஓட்டிக்கொள்கிறேன் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாவுக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “அதெல்லாம் இருக்கட்டுங்ணா. தெரிஞ்சே செஞ்சீங்களா? அத மட்டும் சொல்லுங்க” என்றாள். அந்தச் செவலை அங்கேயே நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், கடவுள் சத்தியமாகப் பார்த்தேன், இதுதான் அது என்று ஊரே சொன்ன பிறகும் பார்த்தேன், கொம்பைச் சீவியிருப்பார்களோ, சாயம் ஏதாவது பூசியிருப்பார்களோ என்று ஒரு சாக்குக் கிடைக்காதா என்று தேடினேன். ஒன்றும் கிடையாது. நல்ல செவலை, நடு நெற்றியில் சுழி, தொட்டால் சிலிர்க்கிற தோல், எனக்கு அது நேற்றுப் பிறந்த மாடு மாதிரி இருந்தது. பேர் மறந்தால் நெஞ்சில் ஒரு ஓட்டை இருக்கிற மாதிரி தெரியும், நுனி நாக்கில் நிற்கும், தேடலாம். இதில் ஓட்டையே இல்லையே. எல்லாம் வழவழவென்று பூசி மெழுகின மாதிரி இருக்கிறதே. எதைத் தேடுவது, எங்கே போய்த் தேடுவது? அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோகி என் மறதியைக் கண்டுபிடித்தது எதை வைத்து? அவள் அம்மா போனில் அழுதிருக்கிறாள், உங்கப்பன் இப்படிப் பண்ணிட்டாரே, பாவத்தைக் கட்டிக்கிட்டாரே என்று. இவள் வந்தாள், ராத்திரிச் சோறு கூடத் தின்னவில்லை, “தெரிஞ்சே பண்ணீங்களாப்பா?” என்றாள். “ஆமா” என்றேன். “பொய்” என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். “நீங்க யாரையாச்சும் ஏமாத்தினா ஊட்டுக்கு வந்து அதை நடிச்சுக் காட்டிச் சிரிப்பீங்க. அவன் எப்படி முழிச்சான், நீங்க என்ன சொன்னீங்கன்னு எல்லாம் ஆடிக் காட்டுவீங்க. இந்த மாட்டப் பத்தி நீங்க ஊட்டுல வாயே தொறக்கல.” பெற்று வளர்த்துப் படிக்க வைத்தால் கடைசியில் என்னையே பெட்டிக்குள் விட்டு மேலேயிருந்து பார்க்கிறாள். இங்கே எதிர்க் கட்டடத்தில் மறதிக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறாராம், நேரம் வாங்கி வைத்திருக்கிறாளாம், படங்களைக் காட்டி, அப்புறம் வேறு படங்களோடு கலந்து காட்டி, எது பார்த்தது எது பார்க்காதது என்று கேட்பாராம். “ஏன், நானென்ன எலியா?” என்றேன். “எலி இப்படிச் சண்டை போடாதுங்ப்பா” என்றாள். உன் எலியைப் பார்க்க வருகிறேன், டாக்டரிடம் வரமாட்டேன் என்று சொல்லித்தான் பஸ் ஏறினேன். என்னைப் பார்க்க வைத்தால் மனசு மாறுவேன் என்று அவள் கணக்கு. என் கணக்கு வேறு. எந்த எலியிடமும் நான் தோற்கப்போவதில்லை.

இது என்ன இது, மறுபடியும் குமிழிடமே வருகிறது. குப்பியிடம் போனது, ஒரு தரம் மோந்தது, ஏதோ கடன் கழிக்கிற மாதிரி, உடனே திரும்பி மறுபடி இந்தக் குமிழ். ரெண்டையும் சமமாக மோந்தால்கூடப் போகிறது, இது பார்த்ததையே கட்டிக்கொண்டு அழுகிறது. டேய், அது பழசு. காலையில் ரெண்டு மூலையிலும் அதைத்தானே மோந்தாய். நான் பார்த்தேனே, நான் பார்த்தேன், வெள்ளைக் குமிழ், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. வெளிச்சம் பட்டு மேலே ஒரு புள்ளி மின்னியது, கண் முன்னால் நிற்கிறது. ஒரு டீ குடிக்கிற நேரம், அதற்குள் எங்கேயடா தொலைத்தாய்? இதோ மறுபடி சுற்றுகிறது. தடவுகிறது, மேலே காலை வைக்கிறது, மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி அப்படி ஒரு கவனம், அப்படி ஒரு அக்கறை, நானும் அப்படித்தான் பார்த்தேன், ஒரு குறை வைக்காமல் பார்த்தேன், பார்த்ததில் குறையே இல்லை. உனக்கு நோயை வைத்தவர்கள் நாசமாய்ப் போக. எனக்கு வைத்தவன் யார்? திரும்பு. உன்னை நான் கெஞ்சிக் கேட்கிறேன், நான் ஒருத்தனையும் கெஞ்சினதில்லை, ஒரே ஒரு தடவை அந்தக் குப்பியிடம் போய் நில், இது புதுசு என்று சொல், போதும், நான் எழுந்து ஊருக்குப் போய்விடுகிறேன், அட, கால் வைக்கிறது பார், மறுபடியும் அதன் மேலேயே, அட மடப்பயலே, அட—

“அது பாத்ததுடா! அக்கட்டால போடா, அக்கட்டால புதுசு இருக்குது பாரு!”

நான்தான் கத்தினேன். முக்காலி விழுந்து கிடக்கிறது, நான் நிற்கிறேன். திரையில் எலி கல்லாகிவிட்டது. கதவு திறந்தது, கோகி முகமூடியை மோவாய்க்கு இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள், கண் ரெண்டும் எரிகிறது. அந்தக் கோபம் என் கோபம், அப்படியே என் மூக்கு விடைக்கிற மாதிரி விடைக்கிறது. “உங்ககிட்ட என்ன சொன்னேன்? என்னங்ப்பா சொன்னேன்? இந்த எலிய இனிக் கணக்குல சேக்க முடியாது. போச்சு.” “சேக்காதே” என்றேன். “அதுல சேக்க என்ன இருக்குது? அதுக்குத்தான் மண்ட காலியாச்சே. பழசையே போய்ப் போய் மோக்குது. குமிழு குமிழுன்னு.” அவள் அப்படியே நின்றாள். மூக்கு விடைப்பு அடங்கியது. அடங்கினது எனக்குப் பிடிக்கவில்லை. “குமிழா பழசு?” என்று மெதுவாகக் கேட்டாள். “பின்னே? காலைல ரெண்டு மூலையிலும் அதானே வெச்சிருந்த?”

அவள் திரையில் என்னத்தையோ தட்டினாள், காலையில் எடுத்த படம் வந்தது. அதே வெள்ளைப் பெட்டி. இந்த மூலையில் பச்சை மூடி போட்ட குப்பி. அந்த மூலையில் பச்சை மூடி போட்ட குப்பி. கறுத்த எலி ரெண்டுக்கும் நடுவில் ஓடுகிறது. குமிழ் எங்கேயும் இல்லை. “குமிழுதாங்ப்பா புதுசு” என்றாள். “எலி சரியாத்தான் போச்சு.” நான் படத்தைப் பார்த்தேன். எனக்கு அது வேறு யாரோ வேறு ஏதோ நாளில் எடுத்த படம். பார்த்தேன், தேடினேன், ஓட்டை இல்லை, அதே வழவழப்பு. கதவோரச் சின்ன மேசையில் ஒரு தட்டில் குமிழ் கிடந்தது, வரும்போது அதைப் பார்த்துத்தான் குழம்பியிருப்பேன் என்று நாக்கு வரைக்கும் வந்தது. நல்ல சாக்கு, விலை போகிற சாக்கு. கோகிகூட வாங்கிக்கொண்டிருப்பாள், அவள் முகத்தில் எதையாவது வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிற ஒரு பாவம் இருந்தது. சந்தையில் எத்தனையோ முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத்தான் சோறு தின்றேன். ஆனால் நான் எடுக்கவில்லை. சாக்கை எடுத்தால் நான் மறுபடி மீசையைத் தடவிக்கொண்டு சிரித்துக்கொண்டு போக வேண்டும். எத்தனை மாட்டுக்குச் சிரிப்பது? எத்தனை கை முறிந்தால் போதும்? இந்த நோய் என்னிடமிருந்து எதை வேண்டுமானாலும் பிடுங்கட்டும், சுழியைப் பிடுங்கட்டும், நாளைக்குக் கோகியின் முகத்தையே பிடுங்கட்டும், அது என் கையில் இல்லை. என்னைப் பொய்யனாக்குவது மட்டும் என் கையில்தான் இருக்கிறது, அதையும் அதற்கு இனாமாகக் கொடுக்க நான் பொங்கியண்ணனாகப் பிறக்கவில்லை.

“அழுகாத” என்றேன். அவள் அழவில்லை, ஆனாலும் சொன்னேன். “டாக்டரம்மாகிட்டப் போலாம். எத்தன படம் வேண்ணாக் காட்டட்டும், தெரிஞ்சதத் தெரியும்பேன், தெரியாததத் தெரியலைம்பேன். அதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போடோணும்.” கட்டடத்துக்கு வெளியே ஒரு வேப்ப மரத்தடியில் நின்று போட்டேன். வேலாத்தாள் எடுத்தாள். பின்னால் பாத்திரம் உருள்கிற சத்தம், ஒற்றைக் கையால் என்னமோ செய்துகொண்டிருக்கிறாள். “நான்தான் பொங்கியண்ணன்” என்றேன். “சொல்லுங்” என்றாள், அண்ணா இல்லை, வெறும் சொல்லுங். “அன்னைக்குக் கேட்டியே. தெரிஞ்சு செய்யல அம்மிணி. அது நான் வித்த மாடுன்னு எனக்கு அடையாளம் தெரியல. சுழி பாத்தேன், தொட்டுப் பாத்தேன், தெரியல. இப்பவும் தெரியல. எனக்கு மறதி வந்திருக்குது. பேரு மறக்கற மறதி இல்ல, பாத்ததப் பாத்தோம்னே தெரியாத மறதி. செங்கோடங்கிட்டயும் நானே சொல்றேன், சந்தைல மேடை போட்டுச் சொல்றேன். எவன் கை குடுக்கறான் எவன் குடுக்கலைன்னு நானும் பாக்கறேன்.”

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு அவள் குரல் உடைந்து வந்தது, உடைந்தாலும் கோபம் போகவில்லை. “அதுக்கு நீங்க ஏமாத்தியிருந்தாலே தேவலைங்ணா. நான் திட்டிட்டாச்சும் இருந்திருப்பேன்.”

“திட்டு. யாரு வேண்டாங்கறா? எனக்கென்ன சாவா வந்திருச்சு?”

“மாட்டுக்கே உங்களத் தெரியுதுங்ணா” என்று வெடித்தாள். “ஊட்டுக்காரரக் கிட்ட விடாது, என் மவனக் கிட்ட விடாது. அன்னைக்கு நீங்க கட்டுத்தறிக்கு வந்தப்ப மட்டும் கழுத்த நீட்டி உங்க சட்டைய மோந்துக்கிட்டு நின்னுது. அதுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியலைன்னுதானே இவ்வளவு நேரமாக் கத்தறேன்!” என்றேன். ரோட்டில் போனவன் திரும்பிப் பார்த்தான், பார்க்கட்டும். கோகி பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டேன். “இங்க பாரு அம்மிணி. உன் கை கூடற வரைக்கும் அந்த மாட்ட நான் வந்து கறக்கறேன். வெடியாலயும் வர்றேன், பொழுதோடயும் வர்றேன். உதைக்கட்டும். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும். செம்பக் கழுவி வை.”